மேஸ்திரியைக் கேளுங்கள்: தகட்டைக் கொடுங்கள், முட்டு நிற்கட்டும்

கேள்வி: தளம் போட்டு நாலு நாள் ஆகிறது. கூடம் 14க்கு 12 அடி. முன்பக்கம் 18 அடியில் ஒரு பீம், வாசலில் 4 அடி நீட்டிய போர்ட்டிகோ. சென்ட்ரிங்காரர், "அடுத்த வீட்டுக்குத் தகடு வேணும், நாளைக்குப் பிரிச்சிடுறேன்" என்கிறார். விடலாமா?
- ஒரு வாசகி, பாகூர்

பதில்: அவர் கேட்பது தளத்துக்கு அடியில் பரப்பிய தகடுதானே அம்மா? கூடத்துத் தகட்டைக் கொடுத்துவிடுங்கள். தளத்தைத் தாங்கும் முட்டு மட்டும் நிற்கட்டும். இரண்டையும் சேர்த்தே பிரித்துப் பழகியதால், தனித்தனியாக எடுக்கலாம் என்பதே பல பேருக்கு நினைவில் இருப்பதில்லை.

உங்கள் கூடத்துக்கு மேலே 5 அங்குலத் தளம் என்று வைத்தால், அது மட்டுமே ஏறக்குறைய 5 டன். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 விதிப்படி, முட்டை உடனே திரும்ப வைப்பதாக இருந்தால் தளத்தின் அடித்தகட்டை 3 நாளில் எடுக்கலாம். முட்டை எடுப்பதற்கு, அகலம் 4.5 மீட்டருக்குள் என்றால் (உங்கள் கூடம் அதற்குள்தான்) 7 நாள், அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு அடித்தகடு 7 நாள். முட்டு 6 மீட்டர் வரை 14 நாள், தாண்டினால் 21. உங்கள் 18 அடி பீம் ஐந்தரை மீட்டர்தான், ஆகவே 14.

இந்தக் கணக்கு ஓ.பி.சி. என்ற, எதுவும் கலக்காத சாதாரண சிமெண்டுக்கு. உங்கள் வீட்டு மூட்டையைப் புரட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பி.பி.சி. என்றுதான் இருக்கும். சாம்பல் கலந்தது, ஆரம்பத்தில் மெதுவாகத்தான் இறுகும். அதற்கு நான் 7 நாளைப் பத்தாகவும் 14 நாளை இருபத்தொன்றாகவும் வைத்துக்கொள்வேன். கூடுதல் நாளுக்கு முட்டு வாடகை கேட்பார், நியாயம்தான். கொடுத்துவிடுங்கள்.

பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஒரு வரிசைத் தகடு இறங்கியதும் அந்த இடத்தில் முட்டு ஏறிவிட வேண்டும். மொத்தத்தையும் கழற்றிக் குவித்துவிட்டு, சாயங்காலம் பேருக்கு நாலு முட்டு நட்டுக் காட்டினால் பிரயோசனமில்லை. இரும்பு முட்டு என்றால் அதன் ஜாக்கியைத் திருகித் தளத்தை மேலே தூக்கவும் கூடாது, தொட்டுக்கொண்டு நின்றால் போதும். கைப்பிடிச் சுவருக்கென்று இப்போதே செங்கல்லை மேலே ஏற்றி அடுக்காதீர்கள்.

போர்ட்டிகோவில் தகடு, முட்டு எதையும் இப்போது தொட வேண்டாம். அதற்குக் கம்பி மேல்பக்கம்தான் இருக்கும். நாள் வந்த பிறகும் வெளி நுனி முட்டை முதலில் எடுத்து, சுவரை நோக்கி வர வேண்டும். சுவரோரம் முதலில் தட்டி, நுனியில் ஒரு முட்டை மட்டும் நிற்க விட்டால் நடுப்பகுதி கீழே வளையப் பார்க்கும். கீழ்ப்பக்கம் தாங்கக் கம்பி ஏது?

கேள்வி: சவுக்கு முட்டு போதுமா, இரும்பு ஜாக்கிதான் வேண்டுமா?
- ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: நம்ம பக்கத்து மணலில் விளையும் சவுக்கை வைத்தே நான் தொழில் கற்றேன், அதைக் குறை சொல்ல மாட்டேன். நேரான ஒற்றைக் கழியாக இருக்கட்டும். இரண்டு துண்டை ஆணியடித்து ஒட்டியது வேண்டாம். ஆனால் நான் அசிங்கப்பட்டது சவுக்கால் அல்ல, அதன் காலடியால். கடலூர் முதுநகரில் ஒரு வீடு. பேஸ்மட்டத்தில் புதுசாகக் கொட்டிய மண், சரியாகத் திமிசு போடவில்லை. கழியை நேரே மண்ணில் ஊன்றிவிட்டேன். ராத்திரி மழை. காலையில் கான்கிரீட் கொட்டக் கொட்ட, நடு வரிசை முட்டு நாலும் மண்ணுக்குள் இறங்கியது. தகடு பிரித்தபோது தளத்துக்குத் தொப்பை, நடுவில் முக்கால் அங்குலம். பூச்சுக்காரர் ஓரமெல்லாம் தடிப்பாகப் பூசி மறைத்தார், அந்தக் கூலியை நான் கொடுத்தேன். வீட்டுக்காரம்மா எங்கே பார்த்தாலும் அந்தக் கூரையைப் பற்றித்தான் விசாரிப்பார். அன்றிலிருந்து ஒவ்வொரு முட்டுக்கும் அடியில் பலகை போடாமல் நான் ஏற்றியதில்லை. செங்கல் துண்டை அடுக்கி உயரம் சரிக்கட்டுவதும் கிடையாது.

ஜாக்கி எடுத்தால் உள்குழாயைத் தாங்கும் பின்னைப் பாருங்கள். அதற்கென்றே செய்த அசல் பின் தொலைந்துபோய், மிச்சமான கட்டுமானக் கம்பியை வெட்டிச் செருகியிருப்பார்கள். அப்படி வந்தால் இறக்கவே விடாதீர்கள், வண்டியோடு திருப்பி அனுப்புங்கள்.