வாசகர் கேள்வி – பதில்: ஒரு வைக்கோல் தொப்பியும் பிரெஞ்சு நகைச்சுவை நாடகமும்

கேள்வி: பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாடகங்களைப் பற்றிப் படிக்கும்போது 'வோத்வில்' என்ற சொல் அடிக்கடி வருகிறது. அமெரிக்காவில் பாட்டும் ஆட்டமும் வித்தைகளும் கலந்து நடந்த மேடை நிகழ்ச்சிக்கும் இதே பெயர்தானே? இரண்டும் ஒன்றா? (வாசகர், கும்பகோணம்)

பெயர் ஒன்று, பொருள் வேறு. பிரான்சில் வோத்வில் என்பது பாட்டுகள் இடையிட்ட நகைச்சுவை நாடகம். அதற்குக் கதை உண்டு, பாத்திரங்கள் உண்டு, தொடக்கமும் முடிவும் உண்டு. அதன் வேர் பாரிஸ் நகரின் சந்தைகளில் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசின் தனியுரிமை பெற்றிருந்த கொமெதி பிரான்சேஸ் நாடக அரங்கு, சந்தைக் கொட்டகை நடிகர்கள் மேடையில் உரையாடவே கூடாது என்று தடை வாங்கியது. நடிகர்கள் வாயை மூடிக்கொண்டு, பாடல் வரிகளை எழுதிய அட்டைகளை உயர்த்திக் காட்டினார்கள். ஊரறிந்த மெட்டில் அந்த வரிகளைப் பாடியவர்கள் பார்வையாளர்கள். ஒரு தடையுத்தரவைக் கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடித் தோற்கடித்த இந்தக் காட்சியை எண்ணும்போதெல்லாம் எனக்கு உவகை பொங்குகிறது. நம் பழைய நாடகப் பாட்டுப் புத்தகங்களில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று தலைப்பில் போட்டிருப்பார்கள் அல்லவா, வோத்வில் பாட்டுகளும் அவ்வாறே பழகிய மெட்டுகளுக்குப் புதிய சொற்களை ஏற்றியவை.

1792-இல் பாரிஸில் இந்த வகைக்கென்றே வோத்வில் அரங்கு திறக்கப்பட்டது. 1807-இல் நெப்போலியன் நகரின் நாடக அரங்குகளை எட்டாகக் குறைத்து, எந்த அரங்கில் எந்த வகை நாடகம் நடக்கலாம் என்று வரையறுத்தபோது, வோத்வில் அரங்கும் வரியேத்தே அரங்கும் பிழைத்துக்கொண்டன. அரங்கு தொடங்குவதற்கும் எந்த வகை நாடகத்தையும் நடத்துவதற்கும் முழு உரிமை 1864-இல்தான் கிடைத்தது. அந்தக் காலத்தை ஒட்டி வோத்விலில் பாட்டுகள் குறைந்து, சூழ்ச்சியும் குழப்பமும் நிறைந்த உரைநடை நாடகமாக அது மாறியது. பாட்டு தனியே பிரிந்து இசையமைப்பாளர் ஒஃபன்பாக்கின் இசைநாடகங்களுக்குச் சென்றது என்று சொல்லலாம்.

கேள்வி: எழேன் ஸ்க்ரீப் நானூறுக்கு மேற்பட்ட படைப்புகளை எழுதினார் என்கிறார்கள். ஒருவரால் இது இயலுமா? (வாசகர், திருச்சிராப்பள்ளி)

ஒருவரால் இயலாது, அவரும் தனியே எழுதவில்லை. 1791-இல் பாரிஸில் பட்டு வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்து, சட்டம் படிக்க வந்து நாடகத்தில் இறங்கிய ஸ்க்ரீப், பெரும்பாலும் கூட்டாசிரியர்களோடுதான் பணிபுரிந்தார். ஒருவர் கருவைக் கொண்டுவருவார், இன்னொருவர் பாட்டுகளை அமைப்பார், ஸ்க்ரீப் கட்டுமானத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். அக்காலத்துப் பாரிஸில் இது இழுக்கான செயலாகக் கருதப்படவில்லை. அரங்குகள் புதிய நாடகங்களை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்ததால், எழுத்தும் ஒரு பட்டறைத் தொழிலைப் போலவே நடந்தது. 1820-இல் திறக்கப்பட்ட ஜிம்னாஸ் அரங்கு அவருடைய படைப்புகளை நம்பியே வளர்ந்தது. நாடகாசிரியர்கள் தங்கள் வசூல் பங்கைக் காத்துக்கொள்ள 1829-இல் சங்கமாக ஒன்றுசேர்ந்தபோதும் அவர் முன்னணியில் நின்றார். 1834-இல் பிரெஞ்சு அகாதமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

எண்ணிக்கையை விட அவர் விட்டுச் சென்ற முறைதான் பெரிது. அதை 'நன்கு கட்டப்பட்ட நாடகம்' என்பார்கள். பார்வையாளருக்குத் தெரிந்த ஒரு மறைபொருள், மேடையில் உள்ளவர்களுக்குத் தெரியாமல் இருக்கும். தவறான கைக்குப் போன கடிதம், சரியான நேரத்தில் திறக்கும் கதவு, ஒருவர் வாயிலிருந்து நழுவும் சொல் என்று ஒவ்வொன்றும் அடுத்ததை இழுத்துக்கொண்டு வரும். எதுவும் காரணமின்றி நிகழாது. 1840-இல் அரங்கேறிய 'ஒரு குவளைத் தண்ணீர்' என்னும் நாடகத்தில், இங்கிலாந்தின் ஆன் அரசியினுடைய அவையில் ஒரு குவளைத் தண்ணீரால் மூளும் மனத்தாங்கல், போரையும் சமாதானத்தையும் தீர்மானிக்கும் அளவுக்குப் போகிறது. சிறு காரணத்திலிருந்து பெரும் விளைவு என்ற இந்த எண்ணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிலுக்கு அது வேண்டும். ஸ்க்ரீப்பின் மனிதர்களுக்கு ஆழம் இல்லை, உயிரை விடச் சூத்திரம் ஓங்கி நிற்கிறது என்று பின்னால் வந்தவர்கள் குறை கூறினார்கள். அந்தக் குறை உண்மைதான். ஆயினும் இளமையில் நார்வேயின் பெர்கன் நகரில் நாடக அரங்கை நடத்திய, பின்னாளில் பெரும் நாடகாசிரியரான இப்சன், ஸ்க்ரீப்பின் நாடகங்கள் பலவற்றை மேடையேற்றித்தான் தம் தொழிலைக் கற்றார் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

கேள்வி: எழேன் லாபிஷின் 'இத்தாலிய வைக்கோல் தொப்பி' நாடகத்தின் கதைச் சுருக்கத்தைப் படித்தேன். குதிரை ஒரு தொப்பியைத் தின்றது என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லையே. இதை ஏன் பெரிய படைப்பு என்கிறார்கள்? (வாசகர், மதுரை)

கேட்டதற்கு நன்றி. இந்த நாடகத்துக்காக வாதாட எனக்கு நெடுநாளாக ஆசை.

மார்க்-மிஷேலுடன் சேர்ந்து லாபிஷ் எழுதிய இந்த ஐந்து அங்க நாடகம் 1851 ஆகஸ்ட் 14 அன்று பாரிஸின் பலே ருவாயால் அரங்கில் அரங்கேறியது. ஃபதினார் என்ற இளைஞருக்கு அன்று திருமணம். காலையில் வேன்சென் காட்டு வழியே வரும்போது, மரத்தில் தொங்கிய ஒரு பெண்ணின் வைக்கோல் தொப்பியை அவருடைய குதிரை தின்றுவிடுகிறது. அந்தப் பெண் அனாயிஸ் திருமணமானவள். அங்கே ஓர் இராணுவ அதிகாரியுடன் இருந்தவள். அதே போன்ற தொப்பி இல்லாமல் வீடு திரும்பினால் கணவனின் ஐயம் உறுதியாகிவிடும். ஆகவே அவளும் அதிகாரியும் ஃபதினாரின் வீட்டுக்கே வந்து அமர்ந்துகொண்டு, தொப்பி கிடைக்கும்வரை நகரமாட்டோம் என்கிறார்கள். அவர் தொப்பி தேடி ஓடுகிறார். எட்டு வாடகை வண்டிகளில் திருமணக் கூட்டம் அவரைத் துரத்திக்கொண்டே போகிறது. கூட்டத்தின் தலைவர் மாமனார் நொனான்கூர். செடி வளர்த்து விற்பவர், கையில் பூந்தொட்டியைச் சுமந்தபடி, இறுக்கும் காலணியின் வலியோடு, 'மாப்பிள்ளை, சம்பந்தம் முறிந்தது!' என்று மூச்சுக்கு மூச்சு கத்துபவர்.

இனி கட்டுமானத்தைக் கவனியுங்கள். ஃபதினார் தொப்பிக் கடைக்குள் நுழைகிறார். பின்னால் வரும் கூட்டம் அதை நகர மன்றம் என்று எண்ணி, கணக்கரை மேயர் என்று கொள்கிறது. அடுத்து ஃபதினார் ஒரு சீமாட்டியின் மாளிகைக்குள் போகிறார். அதை விருந்து நடக்கும் உணவகம் என்று நினைத்துக் கூட்டம் உட்கார்ந்து சாப்பிடுகிறது. அடுத்து அவர் போய்ச் சேர்வது அனாயிசின் கணவர் போபெர்த்துயியின் வீடு; அதை மணமக்களின் இல்லம் என்று கருதி, மணப்பெண்ணைப் படுக்கையறைக்கு அனுப்பத் தொடங்கிவிடுகிறார்கள். பதிவு, விருந்து, இல்லம் என்ற திருமணச் சடங்குகள் வரிசை மாறாமல் நிறைவேறுகின்றன, ஆனால் ஒவ்வொன்றும் தவறான இடத்தில். அக்கணவரின் வீட்டில், யாரிடம் பேசுகிறோம் என்று அறியாமல், காட்டில் நடந்தது முழுவதையும் ஃபதினாரே அவரிடம் சொல்லிவிடுகிறார். ஃபதினார் தேடிவந்த தொப்பி, குதிரை தின்ற அதே தொப்பிதான் என்பது அப்போது தெரிகிறது. இத்தனை ஓட்டத்துக்கும் பிறகு, சரியாக அதே வகைத் தொப்பி, காது கேளாத மாமா வெசினே முதல் அங்கத்திலேயே மணப்பெண்ணுக்குப் பரிசாகக் கொண்டுவந்த பெட்டியில் இருந்தது என்று விளங்குகிறது. ஸ்க்ரீப் அரசவையில் வைத்த தண்ணீர்க் குவளையை லாபிஷ் தெருவுக்குக் கொண்டுவந்து, ஊரையே அதன் பின்னால் ஓடவைத்தார். தத்துவ அறிஞர் பெர்க்சன் 1900-இல் வெளியிட்ட 'சிரிப்பு' என்னும் நூலில், உருள உருளப் பெருகும் பனியுருண்டைக்கு எடுத்துக்காட்டாக இந்தத் தொப்பியைத்தான் குறிப்பிடுகிறார்.

'ஒரு தொப்பிக்காகவா?' என்று நீங்கள் கேட்கக்கூடும். அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தைப் பாருங்கள். 1816-இல் நீக்கப்பட்ட மணமுறிவு உரிமை 1884 வரை திரும்பவில்லை. பிறழ்ந்த மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டாண்டு வரை சிறை. கணவன் காதற்கிழத்தியைத் தன் வீட்டிலேயே வைத்திருந்தால் மட்டும் குற்றம், அதற்கும் அபராதமே தண்டனை. தன் வீட்டில் கையும் களவுமாகப் பிடித்த மனைவியைக் கணவன் கொன்றால், சட்டம் அதை மன்னிக்கத்தக்க கொலையாக வகுத்தது. அரங்கில் சிரித்தவர்கள் இதை நன்கு அறிந்தவர்கள். அனாயிசின் நடுக்கம் பொய்யன்று. தொப்பியின் எடை சிறியதாக இருக்கலாம், அதில் தொங்கியது ஒரு பெண்ணின் வாழ்வு. இந்த அச்சம் அடியில் ஓடுவதால்தான் மேலே ஓடும் ஓட்டத்துக்கு அத்தனை வேகம் வருகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: இந்நாடகங்கள் அரசியலைத் தொடவே இல்லையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

தொடவிடவில்லை. நாடகத்தை முன்கூட்டியே தணிக்கைக்குக் கொடுக்கவேண்டும் என்ற விதி 1830-இல் நீங்கி 1835-இல் திரும்பியது. 1848-இல் நீங்கி 1850-இல் மீண்டும் வந்தது. ஒருவழியாக ஒழிந்தது 1906-இல். 'வைக்கோல் தொப்பி' அரங்கேறி நான்கு மாதம் நிறைவதற்குள் அப்போது குடியரசுத் தலைவராக இருந்த லூயி நெப்போலியன் (முதல் நெப்போலியனின் தம்பி மகன்) அரசைக் கவிழ்த்து அதிகாரத்தைக் கைப்பற்றினார். லாபிஷே 1848-இல் தேர்தலில் நின்று தோற்றவர். குடும்பமும் பணமும்தான் மேடைக்குப் பாதுகாப்பான பொருள்களாக எஞ்சின. ஆயினும் சட்டமன்றத்தில் மணமுறிவு மசோதா விவாதத்தில் இருந்த 1880-இல், விக்தோரியன் சார்தூவும் எமில் தெ நஜாக்கும் 'மணமுறிவு செய்துகொள்வோம்!' என்ற நாடகத்தைத் துணிந்து மேடையேற்றினார்கள். கணவர் மணமுறிவுக்கு இசைவதுபோல நடிக்கிறார். தடை நீங்கியதும் மனைவிக்குக் காதலன்மேல் இருந்த ஆசையும் நீங்கிவிடுகிறது.

கேள்வி: லாபிஷுக்குப் பின் வந்த ஜோர்ஜ் ஃபேதோவின் நாடகங்களில் கதவுகள் மிகுதி என்பார்கள். அது வெறும் தந்திரம்தானே? (வாசகர், கோயம்புத்தூர்)

ஃபேதோ 1862-இல் பிறந்தவர். 1886-இல் 'பெண்களின் தையற்காரர்' என்ற நாடகத்தால் பெயர் பெற்று, அடுத்த சில ஆண்டுகள் தொடர்ந்து தோல்வி கண்டார். அப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு, லாபிஷ், மேயாக், அல்ஃப்ரெத் எனெக்கேன் ஆகியோரின் நாடகங்களை உட்கார்ந்து படித்தார். எனெக்கேன் பொறியியல் பயின்று நாடகத்துக்கு வந்தவர். அவரும் தெலாக்கூரும் 1876-இல் எழுதிய 'இளஞ்சிவப்பு முகமூடி அங்கிகள்' கடிகாரம்போல ஓடக்கூடியது. 1892-இல் ஃபேதோ திரும்பி வந்தபோது, பெற்ற பயிற்சி வெளிப்பட்டது. நடிகர் எந்தக் கதவால் வரவேண்டும், நாற்காலி எங்கே நிற்கவேண்டும் என்பதையெல்லாம் அவர் கைப்பிரதியில் அடி அளந்தாற்போல எழுதிவைத்தார்.

கதவு அவருக்கு ஓர் அறநெறிக் கருவி என்றே நான் சொல்வேன். ஒருவரையொருவர் எக்காரணம் கொண்டும் பார்த்துவிடக் கூடாத இருவரை ஒரே அறையில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அவருடைய நாடக நெறி. பொய் சொன்னவனுக்கும் அவன் பொய்க்கும் இடையே ஒரு பலகையின் கனம் மட்டுமே இருக்கிறது. 1896-இல் வந்த 'வான்கோழி' நாடகத்தின் இரண்டாம் அங்கத்தில், தவறு செய்பவர்களைப் பிடிப்பதற்காக ஒரு விடுதிப் படுக்கையின் மெத்தைக்கு அடியில் மின்மணிகளை வைக்கிறார்கள். அந்தப் படுக்கையில் வந்து படுப்பவர்கள் யாதொரு குற்றமும் அறியாத முதிய இராணுவ மருத்துவரும் அவருடைய மனைவியும். மணி அலறுகிறது, மனைவிக்குக் காது கேட்காது. பொறி கச்சிதமாக வேலை செய்கிறது, பிடிபடுபவர்தான் வேறு. மூன்றே ஆண்டில் வந்த 'மக்சிம் உணவகத்துப் பெண்மணி'யில், இரவு குடித்துக் களித்த மருத்துவர் பெத்திபோன் மறுநாள் கவிழ்ந்த சோபாவுக்கு அடியில் கண்விழித்து, தம் படுக்கையில் முன்பின் அறியாத ஒரு நடனக்காரி உறங்குவதைக் காண்கிறார். அந்த ஒரு காட்சியிலிருந்து மூன்று அங்கங்கள் விரிகின்றன. லாபிஷின் மனிதர்களிடம் இருக்கும் வெள்ளந்தித்தனம் ஃபேதோவின் மனிதர்களிடம் இல்லை. என் மனம் லாபிஷைத்தான் நாடுகிறது. நுட்பத்தில் ஃபேதோவே மேலானவர்.

கேள்வி: ஒன்றே ஒன்றைப் படிக்க வேண்டுமானால் எதைப் படிக்கலாம்? தமிழில் மொழிபெயர்க்க இயலுமா? (வாசகர், சென்னை)

லாபிஷும் எதுவார் மார்த்தேனும் எழுதி 1860-இல் ஜிம்னாஸ் அரங்கில் நடந்த 'திரு. பெரிஷோனின் பயணம்'. குதிரைவண்டி செய்து செல்வம் சேர்த்த பெரிஷோன், மனைவி மகளோடு முதன்முறையாக ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறார். இரயில் நிலையத்தில் அவர் மூட்டைகளை எண்ணுவதைப் பாருங்கள்: நான்கு, ஐந்து, ஆறு, என் மனைவி ஏழு, என் மகள் எட்டு, நான் ஒன்பது. மகளை விரும்பும் இருவர் கூடவே வருகிறார்கள். அர்மான் என்பவன் பள்ளத்தில் விழவிருந்த பெரிஷோனைக் காப்பாற்றுகிறான். தனியேல் என்பவன் தானே பள்ளத்தில் இறங்கிப் பெரிஷோன் தன்னைக் காப்பாற்றும்படி செய்கிறான். தன்னைக் காத்தவனைக் காணும்போதெல்லாம் பெரிஷோனுக்குக் கூசுகிறது. தான் காத்தவனைக் காணக்காண நெஞ்சு நிமிர்கிறது. நன்றிக்கடன் மனிதனுக்கு எவ்வளவு பெரிய சுமை என்பதை இதைவிட எளிதாகக் காட்டிய நாடகத்தை நான் படித்ததில்லை. தனியேல் தன் உத்தியை நண்பனிடம் விளக்குவதைப் பெரிஷோன் ஒளிந்திருந்து கேட்டுவிடுவதால், முடிவில் பெண் அர்மானுக்கே கிடைக்கிறாள்.

மொழிபெயர்ப்பில் இடறும் இடம் ஒன்று உண்டு. 'பனிக்கடல்' எனப் பெயர் பெற்ற பனியாற்றைப் பார்த்துவிட்டு, விடுதிக் குறிப்பேட்டில் பெரிஷோன் ஓர் அரிய சிந்தனையை எழுதுகிறார். பிரெஞ்சில் கடலைக் குறிக்கும் சொல்லில் ஓர் எழுத்தைக் கூட்டிவிட்டதால், அது தாய் என்ற பொருளைத் தந்துவிடுகிறது. அதே ஏட்டில் ஓர் இராணுவத் தளபதி, பனிக்கடலுக்குப் பிள்ளைகள் கிடையாது என்று திருத்தம் எழுத, வம்பு வளர்ந்து வாட்போர் அறைகூவல் வரைக்கும் போகிறது. நேர் மொழிபெயர்ப்பில் இது செத்துவிடும். ஆனால் தமிழ் தானாகவே ஒரு வழி தருகிறது. பெரிஷோனின் கையில் அந்த வரி இப்படி விழட்டும்: 'பனிக்கடலையின் மேலிருந்து பார்க்கும்போது மனிதன் எவ்வளவு சிறியவன்!' தளபதி அதன் கீழே, பனியில் கடலை விளைவதில்லை என்று எழுதிவிட்டுப் போகட்டும்.