ஜரி நூல் ஊசியில அறுந்துக்கிட்டே இருக்கா? அதைப் பாபின்ல போடுங்க

கேள்வி: ஈரோட்டுல வீட்டுலயே ப்ளவுஸ் தைச்சுக் குடுக்கிறேன். பழைய கருப்பு மெஷின்தான், மோட்டார் மாட்டியிருக்கேன். ஒரு கஸ்டமர் கழுத்துலயும் கையிலயும் தடியா ஜரி கோடு ஓட்டிக் குடுங்கன்னு கேக்குறாங்க, ஆரி எம்ப்ராய்டரிக்குக் குடுக்கிற அளவுக்கு அவங்க கிட்ட பட்ஜெட் இல்ல. ஜரி நூலை ஊசியில கோர்த்தா பத்து தையலுக்கு ஒரு தரம் அறுந்துடுது. பாபின்ல (கீழ் நூலைச் சுத்தி வைக்கிற சின்னச் சக்கரம்) போட்டுத் தைக்கலாம்னு ஒரு அக்கா சொன்னாங்க, போட்டேன், கொசகொசன்னு சிக்கி மெஷினே நின்னுடுச்சு. பாபின் உக்காருற கேஸோட ஸ்க்ரூவைத் திருகலாமா? அதைத் தொட்டா மெஷின் போச்சுன்னு மெக்கானிக் சொல்றாரு.

பதில்: அந்த அக்கா சொன்னது சரிதாம்மா, ஆனா பாதிதான் சொல்லியிருக்காங்க. மெக்கானிக் சொன்னதும் ஒரு விதத்துல நியாயம்தான், ஏன்னா ஸ்க்ரூவைக் கண்டபடி திருகிட்டு அப்புறம் சாதாரண தையலே வரலன்னு தூக்கிட்டு வர்றவங்களைத்தான் அவரு தினம் பாக்குறாரு. அதுக்கு ஒரு சுலபமான வழி இருக்கு, இன்னொரு பாபின் கேஸ் வாங்கிடுங்க. உங்க மெஷின்ல கேஸ் தனியா கழண்டு வரும், பழைய கேஸை மெஷின் பாகம் விக்கிற கடைக்குக் கையில எடுத்துட்டுப் போய் இதே மாதிரி ஒண்ணு குடுங்கன்னா குடுப்பாங்க, விலையும் பெருசா ஒண்ணும் இல்ல. புதுசுல சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வச்சுக்கோங்க. சிவப்புப் பொட்டு வச்சது டிசைனுக்கு, பொட்டு இல்லாதது அன்றாட தையலுக்கு, அதோட ஸ்க்ரூவை ஜென்மத்துக்கும் தொடாதீங்க. முடிஞ்சுது மெக்கானிக் பயம்.

முதல்ல ஜரி ஏன் அறுந்துச்சுன்னு புரிஞ்சுக்கோங்க, அது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வரும். ஒரு தையலுக்குச் செலவாகிற மேல் நூல் என்னவோ ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான், ஆனா கீழ இருக்கிற கொக்கி அந்த நூலைப் பிடிச்சு பாபின் கேஸை முழுசா சுத்தி வர்றதுக்கு ஒரு விரல் நீளத்துக்கு நூலை இழுக்குது, சுத்தி முடிச்சதும் மெஷின் மேல ஏறி இறங்குற நூல் தூக்குற கம்பி மிச்சத்தைத் திருப்பி மேல இழுத்துக்குது. அப்போ என்ன ஆகுது, நூலோட ஒரே இடம் ஊசிக் காது வழியா கீழ போய் மேல வந்து திரும்பக் கீழ போய்னு எத்தனையோ தடவை உரசின பிறகுதான் துணியில உக்காருது. பருத்தி நூல், பாலியஸ்டர் நூல் இதைத் தாங்கும். ஜரின்னா உள்ள ஒரு நூல், அதுமேல மெல்லிசா பளபளன்னு ஒரு பட்டை சுத்தியிருக்கும், அவ்வளவுதான். நாலு தடவை உரசினதும் பட்டை உரிஞ்சு சுருண்டு ஊசிக் காதுல அடைச்சுக்கும், அடுத்த தையல்ல பட்டுன்னு போகும். ஊசியை மாத்தி, எண்ணெய் போட்டு, மெழுகு தேச்சு என்ன பண்ணாலும் கொஞ்ச தூரம் கூட ஓடும், அவ்வளவுதான்.

பாபின்ல இருக்கிற நூலுக்கு இந்தப் பாடே இல்ல. அது கேஸோட ஸ்பிரிங் அடியில ஒரே ஒரு தடவை வெளிய வருது, நேரா போய்த் துணிக்கு அடியில படுத்துக்குது, மேல் நூல் வந்து அதை அங்கங்க பிடிச்சுக் கட்டிட்டுப் போகுது. கொடியில துணிக்குக் கிளிப் போடுற மாதிரி வச்சுக்கோங்க. அதனாலதான் ஊசிக் காதுக்குள்ள நுழையவே நுழையாத தடிச்ச நூலைக் கூட பாபின்ல போட்டு ஓட்டிட முடியுது. ஒண்ணே ஒண்ணு, அழகான நூல் கீழ இருக்கிறதால துணியைக் கவுத்துப் போட்டுத் தைக்கணும், நல்ல பக்கம் கீழ, உள் பக்கம் உங்களைப் பாத்து. தைக்கும்போது டிசைன் எப்படி வருதுன்னே தெரியாது, முடிச்சுத் திருப்பிப் பாக்கிற அந்த ஒரு நிமிஷம் இருக்கே, முப்பது வருஷமா தைக்கிறேன், இன்னும் எனக்குப் படபடன்னுதான் இருக்கும்.

இப்போ உங்க சிக்கலுக்கு வர்றேன். மெஷின் நின்னதுக்கு ரெண்டு காரணம் இருக்கும்னு நினைக்கிறேன். ஒண்ணு, ஸ்க்ரூ சாதாரண நூலுக்கு வச்ச இறுக்கத்துலயே இருந்திருக்கும், அதுல தடிச்ச நூல் நகர மாட்டாம நின்னுருக்கும். ரெண்டு, ஆரம்பிக்கும்போது நூல் ரெண்டையும் பிடிக்காம பெடலை மிதிச்சிருப்பீங்க.

ஸ்க்ரூவைப் பாப்போம். கேஸ்ல பொதுவா ரெண்டு ஸ்க்ரூ இருக்கும், ஓரத்துல இருக்கிறது ஸ்பிரிங்கைப் பிடிச்சு வச்சிருக்கிறது, அதை விட்டுடுங்க. ஸ்பிரிங்குக்கு நடுவுல இருக்கிறதுதான் டென்ஷன், அதாவது நூலோட இறுக்கத்தை மாத்துற ஸ்க்ரூ. இடது பக்கம் திருப்பினா லூசு, வலது பக்கம் திருப்பினா டைட்டு. கடிகாரம் மாதிரி நினைச்சுக்கிட்டு கால் சுத்து கால் சுத்தா போங்க, 12ல இருந்து 9, பாத்துட்டு 6, ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டுல குறிச்சுக்கோங்க. வெள்ளைத் துண்டு ஒண்ணை மடியில விரிச்சு அதுமேல வச்சுப் பண்ணுங்க. ஒரு தடவை நின்னுக்கிட்டே திருகினேன், எள்ளு சைஸ் ஸ்க்ரூ கழண்டு தரையில விழுந்து உருண்டு எங்க போச்சுன்னே தெரியல, விளக்குமாத்தை வச்சு வீட்டையே கூட்டி சல்லடையில சலிச்சுக் கூடப் பாத்தேன், கிடைக்கல.

எவ்வளவு லூசு வேணும்னு கையாலயே பாக்கலாம். பாபினைக் கேஸ்ல போட்டு நூலோட நுனியைப் பிடிச்சுக் கேஸைத் தொங்க விடுங்க. சாதாரண தையலுக்குன்னா கேஸ் அப்படியே தொங்கும், மணிக்கட்டை லேசா உதறினா ஒரு இன்ச் இறங்கி நின்னுடும். நம்ம ஜரிக்கு அது உதறாமலேயே மெதுவா வழுக்கிட்டு இறங்கணும், கிணத்துல வாளி இறக்குற மாதிரி. தடால்னு விழுந்தா ரொம்ப லூசு, அப்படி இருந்தா நல்ல பக்கத்துல நூல் தொளதொளன்னு வளையம் வளையமா நிக்கும். அப்படியே இறங்காம நின்னா டைட்டு. நடுவுல ஒரு விஷயம், ஸ்பிரிங் அடியில பிசிறு அடைஞ்சிருந்தாலும் நூல் நிக்கும், பழைய விசிட்டிங் கார்டு ஓரத்தை உள்ள விட்டு ஒரு தரம் இழுத்துட்டு அப்புறம் ஸ்க்ரூவைத் தொடுங்க.

எந்த நூல்னு நீங்க கேக்கல, ஆனா அதுலதான் பாதி பேர் மாட்டிக்கிறாங்க. உங்க மாதிரி நேர்த்தையல் மெஷின்ல தகட்டுல இருக்கிற ஓட்டை சின்ன வட்டமா இருக்கும், அது வழியா கீழ் நூல் மேல வந்தாகணும். பேர்ல் காட்டன்ல (எம்ப்ராய்டரிக்குப் போடுற முறுக்கின பருத்தி நூல்) 8ம் நம்பர், 12ம் நம்பர் தாராளமா வரும், 5ம் நம்பர் சில மெஷின்ல திணறும். (நம்பர் குறைஞ்சா நூல் தடிக்கும், கடையில மாத்திக் கேட்டுடாதீங்க.) கையால எம்ப்ராய்டரி போடுற ஆங்கர் நூல்ல ஆறு இழை இருக்கும், அதுல மூணு இழை பிரிச்சுப் போடுங்க. ஆரிக்காரங்க வாங்குற சில்க் த்ரெட்டை ரெண்டு மூணு சேத்துச் சுத்தலாம், நல்ல பளபளப்பு. ஜரின்னா உருண்டையா முறுக்கின ஜரிதான் நல்லது, தட்டையா இருக்கிற ஜரி மடங்கி மடங்கி வரும். கயிறு மாதிரி இருக்கிற டோரி எல்லாம் பாபினுக்கு ஆகாது, அதை மேல வச்சுக் கையால கட்டித் தைக்க வேண்டியதுதான்.

பாபின் சுத்தும்போது மெஷின்ல சுத்தலாம், ஆனா மெதுவா, விரல்ல லேசா பிடிச்ச மாதிரி ஒரே சீரா. ஜரி ரீலைப் படுக்க வச்சு, ரீல் உருள உருள நூல் வர்ற மாதிரி வையுங்க, நிக்க வச்சு மேல் வழியா இழுத்தா ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு முறுக்கு ஏறி பாபின்லயே சுருண்டுக்கும். விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க, கேஸுக்குள்ள உரசும்.

தடிச்ச நூல் பாபின்ல கொஞ்சம்தான் பிடிக்கும், அதனால கணக்கு போட்டுட்டு ஆரம்பிங்க. உங்க ப்ளவுஸுக்கே ஒரு உதாரணக் கணக்கு போடுவோம், கழுத்து வளைவு 20 இன்ச், கை ஒண்ணுக்கு 12 இன்ச், மொத்தம் 44, மூணு கோடுன்னா 132 இன்ச். தையல்ல கொஞ்சம் உள்வாங்கும், பத்துல ஒரு பங்கு கூட்டி 145 வச்சுக்கோங்க. இதோட நிறுத்திட்டா ஏமாந்துடுவீங்க! ஒவ்வொரு கோட்டுக்கும் ரெண்டு முனையிலயும் ஆறு ஆறு இன்ச் நூல் விடணும், மொத்தம் ஒன்பது கோடு, 108 இன்ச் அதுலயே போகுது. ஆக 253 இன்ச், கிட்டத்தட்ட ஆறரை மீட்டர். ஒரே பாபின்ல அவ்வளவும் பிடிக்கலன்னா ரெண்டு மூணுல சுத்தி வரிசையா வச்சுக்கோங்க. ஒரு கோட்டுக்கு நடுவுல நூல் தீந்துச்சுன்னா அந்த ஒட்டு எவ்வளவு மறைச்சாலும் கண்ணுக்குத் தெரியும், அதனால புதுக் கோடு ஆரம்பிக்கும் முன்னாடி மூடியைத் திறந்து பாபினை ஒரு பார்வை பாத்துடுங்க.

துணியை வெட்டின பிறகு இந்த வேலையைப் பண்ணாதீங்க. ப்ளவுஸ் அளவைத் துணியில வரைஞ்சு, சுத்தி ரெண்டு இன்ச் விட்டு எடுத்து, உள் பக்கம் ஃபியூசிங் (அயர்ன் பண்ணா ஒட்டிக்கிற விறைப்புத் துணி) ஒட்டி, டிசைன் தைச்சு முடிச்சப்புறம்தான் சரியான அளவுக்கு வெட்டணும், ஏன்னா எவ்வளவு பாத்துத் தைச்சாலும் துணி கொஞ்சம் இழுத்துக்கும். ஃபியூசிங் இன்னொரு விதத்துலயும் உதவும், டிசைனை அதுமேலயே பென்சிலால வரைஞ்சுக்கலாம்.

இங்கதான் நான் வசமா மாட்டினேன். உள் பக்கம் வரையறது நல்ல பக்கத்துல இடம் வலமா மாறித்தான் வரும். கோடு, கொடி, மாங்காய்னா அவ்வளவா பிரச்சினை இல்ல. ஒரு கல்யாண ப்ளவுஸுக்குக் கையில மயில் கேட்டாங்க, ரெண்டு மயிலும் முன்னாடி பாக்கணும், நானும் அழகா வரைஞ்சு ரெண்டு கையும் தைச்சுத் திருப்பிப் பாத்தா ரெண்டு மயிலும் முதுகுப் பக்கம் திரும்பி நிக்குது, கோவிச்சுக்கிட்டுப் போற மாதிரி. நல்லவேளை வெட்டாம வச்சிருந்தேன், இடது கையை வலது கையாக்கித் தப்பிச்சேன். எழுத்தா இருந்திருந்தா அந்த வழியும் கிடையாது. எழுத்து, சாமி உருவம்னா பேப்பர்ல வரைஞ்சு, பேப்பரைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில வச்சு அந்தப் பக்கத்துல இருந்து காப்பி எடுங்க.

தைக்கிறதுக்கு ஊசி 14ம் நம்பர் இல்லன்னா 16ம் நம்பர் போடுங்க. மேல் நூல் சாதாரண பாலியஸ்டர், ஜரியோட கலர்லயே, ஏன்னா ஒவ்வொரு தையல்லயும் குட்டிப் புள்ளியா நல்ல பக்கம் எட்டிப் பாக்கும். தையல் நீளம் இன்ச்சுக்கு 6ல இருந்து 8. முதுகுக் கழுத்துக்கு 6 வச்சா ஜரி நல்லா எடுத்துக் காட்டும், கைக்கு 8 வச்சுக்கோங்க, நீளமா விட்டா வளையல்ல மாட்டி இழுத்துடும்.

ஆரம்பிக்கிற இடத்துல சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்தி, மேல் நூலை இழுத்து ஜரியைத் துணிக்கு மேல கொண்டு வாங்க. ரெண்டு நூலையும் சேத்துப் பின்னாடி பிடிச்சுக்கிட்டு முதல் நாலு தையல் கையாலயே சக்கரத்தைச் சுத்துங்க. நீங்க சொன்ன கொசகொச இதுலயே முக்கால்வாசி போயிடும். ரிவர்ஸ் தையல் கூடவே கூடாது, தடிச்ச நூல் மேல திரும்ப ஏறினா அந்த இடம் முடிச்சு மாதிரி புடைச்சு நிக்கும், சிக்கவும் செய்யும். வளைவுல ஊசியைத் துணிக்குள்ள இறக்கி வச்சுட்டு, துணியை அழுத்திப் பிடிக்கிற மெஷின் காலைத் தூக்கித் துணியைத் திருப்புங்க. மோட்டார் வேகத்தை அடக்கத் தெரியலன்னா வளைவுக்கு மட்டும் மோட்டாரை மறந்துட்டுக் கையால சுத்துங்க, வெக்கப்பட ஒண்ணும் இல்ல, நான் இன்னும் அப்படித்தான்.

மிச்சத் துணியில, அதே துணி அதே ஃபியூசிங், ஒரு ஜாண் ஓட்டிப் பாருங்க. திருப்பினா ஜரி கோலக் கம்பி மாதிரி வழவழன்னு படுத்திருக்கணும். ஒவ்வொரு தையல்லயும் குழி விழுந்து ஜரி உள் பக்கம் எட்டிப் பாத்தா மேல் டென்ஷன் ஜாஸ்தி, குறைங்க. மேல் நூல் நல்ல பக்கத்துல நீளமா தெரிஞ்சா மேல் டென்ஷனை ஏத்துங்க. ஜரியே தொளதொளன்னு இருந்தா பாபின் ஸ்க்ரூவை கால் சுத்து டைட் பண்ணுங்க. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, ரெண்டையும் சேத்து மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது.

முடிச்சதும் ஆறு இன்ச் நூலையும் பெரிய காது ஊசியில கோர்த்து உள் பக்கம் இழுத்து மேல் நூலோட முடிச்சுப் போடுங்க. அயர்ன் பண்ணும்போது நல்ல பக்கத்தை டவல் மேல கவுத்து, உள் பக்கம் மட்டும், மிதமான சூட்டுல. ஜரி மேல நேரா சூடு பட்டா சுருங்கிக் கருத்துடும்.

கஸ்டமர் கிட்ட மட்டும் இதை ஆரின்னு சொல்லிக் குடுக்காதீங்க. ஆரி சங்கிலித் தையல், இது படுத்த நூல், தெரிஞ்சவங்க பாத்ததும் கண்டுபிடிச்சுடுவாங்க. அந்தச் சேம்பிளையே கையில குடுத்துக் காட்டுங்க, பிடிச்சா அவங்களே சரின்னு சொல்லிடுவாங்க. ரேட்டையும் அப்பவே பேசிடுங்க, சேம்பிளுக்கு ஆன நேரத்தையும் சேத்து.