சிவப்பு ரோஜா, வெள்ளை ரோஜா

கேள்வி: கலிபோர்னியாவில் மகள் வீட்டருகே உள்ள வியட்நாமியப் புத்தர் கோயிலுக்கு ஆகஸ்டில் போயிருந்தோம். வாசலில் ஒரு பெண் ‘அம்மா இருக்கிறார்களா?’ என்று கேட்டுவிட்டு எனக்கு வெள்ளை ரோஜாவும் மகளுக்குச் சிவப்பும் குத்திவிட்டாள். என்ன கணக்கு இது?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அம்மா இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் வெள்ளை, அவ்வளவுதான். அது வூ லான் விழாவாக இருக்கும். சந்திர நாட்காட்டியின் ஏழாம் மாதப் பௌர்ணமிதான் அதற்கு நாள் என்றாலும், வெளிநாட்டில் லீவு பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள். புத்தரின் சீடர் மௌத்கல்யாயனர், பசிப் பேயாகப் பிறந்து தவித்த தன் தாய்க்குச் சோறு கொடுக்க, அது வாய்க்குப் போகுமுன்பே நெருப்பாக மாறிவிட, புத்தர் சொன்னபடி மழைக்காலத் தவம் முடித்த துறவிகளுக்கெல்லாம் அன்னமிட்டு, அந்தப் புண்ணியத்தில் அவளை மீட்டார் என்பது கதை. நம் மகாளயம் உங்களுக்கு ஞாபகம் வந்திருக்குமே!

ரோஜா மட்டும் பிற்காலச் சேர்க்கை. ஜப்பானில் அன்னையர் தினத்தன்று தன் அங்கியில் ஒருவர் வெள்ளைப் பூ குத்தியதைப் பற்றி வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1962இல் எழுதப்போய், வியட்நாமில் அது பழக்கமாகிவிட்டது. 1975இல் போர் முடிந்த பிறகு நாட்டைவிட்டு வெளியேறியவர்கள் போன இடமெல்லாம் கொண்டுபோனார்கள்.

அப்புறம், அங்கே சாப்பாட்டில் மீன், கோழி மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் பதறாதீர்கள், எல்லாம் சோயா, கோதுமைப் புரதம் மாதிரியானவற்றில் செய்ததுதான், தாராளமாகச் சாப்பிடலாம்.