அம்மாவின் உள்ளங்கையைப் பார்த்தீர்களா?

கேள்வி: ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை நான். கண்டியில் ஒரு பெரிய வைத்தியசாலையில் தொற்றுநோய்ப் பிரிவில் பயிற்சி பெறுகிறேன். எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு இரத்தம் எடுக்காமல் அன்டிபயோட்டிக் தொடங்கியதற்காக, நிபுணர் வார்ட்டில் எல்லோர் முன்னாலும் ஏசினார். நோயாளியைத் தொடவேயில்லை, கட்டில் கம்பியைத்தான் பிடித்தேன். அதற்கும் தாதி ஒருவர் மறித்துக் கைகழுவச் சொன்னார். பயிற்சியை விட்டுவிடலாமா? வீட்டுக் கவலையும் உண்டு. போன மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல், மூட்டுவலி. போனில் அமொக்சிசிலின் என்ற அன்டிபயோட்டிக் மாத்திரையைச் சொன்னேன், இப்போது பரவாயில்லையாம். எங்கள் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அம்மா அதையே கொடுக்கிறார்.

பதில்: தம்பி, இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. ஏச்சு வாங்கிய கதையை விடுங்கள். கடைசியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, அம்மாவின் காய்ச்சல், அதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

வார்ட்டில் முன்பின் தெரியாத ஒருவருக்கு, காரணம் சொல்லாமல் ஒரு மாத்திரை கொடுக்க உங்களை விடமாட்டார்கள். பெற்ற தாய்க்கு மட்டும் தொடாமல், பார்க்காமல் கொடுத்தீர்கள். இது என்ன நியாயம்?

காய்ச்சலும் மூட்டுவலியும் என்றால் மலைநாட்டு வைத்தியர் உண்ணி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலையும் நினைக்க வேண்டாமா? மாடும் நாயும் புல்லுக்காடும் சூழ்ந்த இடம் அது. அந்தக் கிருமி நம் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. அமொக்சிசிலின் அதை ஒன்றும் செய்யாது. டொக்சிசைக்ளின் என்ற வேறொரு அன்டிபயோட்டிக் கொடுத்தால் பெரும்பாலும் 48 மணித்தியாலத்தில் காய்ச்சல் இறங்கும். தவறவிட்டால் மூளை வரைக்கும் போகலாம். அந்தக் காய்ச்சலில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடச் செம்புள்ளிகள் வரலாம். உங்கள் அம்மாவின் உள்ளங்கையை நினைத்துப் பாருங்கள். வருடக்கணக்காகத் தேயிலைக் கொழுந்துக் கறை ஏறி, வெடித்த ரேகைகளில் கறுப்பு நிரம்பிய கை. என் அம்மாவின் கையும் அப்படித்தான் இருந்தது. அதில் புள்ளி வந்தால் லயத்து மங்கல் வெளிச்சத்தில் அவருக்கே தெரியாது. போனில் உங்களுக்கு எப்படித் தெரியும்?

"பரவாயில்லை" என்றாராம். டாக்டர் மகனிடம் எந்தத் தோட்டத்துத் தாய் வேறு பதில் சொல்லியிருக்கிறாள்? ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போகுமே என்று காய்ச்சலோடு மலைக்கு ஏறுகிறவர்கள் அவர்கள்.

அப்புறம் அந்த மாத்திரை. பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கியபோது ஆற்றிய உரையில் ஓர் எச்சரிக்கை சொன்னார். ஒருவன் தொண்டைவலிக்குத் தானாகவே பெனிசிலினை வாங்கி, போதாத அளவில் போட்டுக்கொள்கிறான். கிருமி சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றுகிறது. அவளுக்கு மருந்து கேட்கவில்லை, இறந்துவிடுகிறாள். அவர் சொன்னது ஒரு வீட்டுக் கதை. உங்கள் லயத்தில் எத்தனை வீடு?

நிபுணர் எல்லோர் முன்னாலும் ஏசியது தவறுதான். தனியாகப் போய் மரியாதையாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் ஏசிய காரணம் சரியானது. தாதி மறித்ததும் சரிதான். நோயாளியைச் சுற்றியுள்ள பொருளைத் தொட்டாலும் கைகழுவ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் ஒன்று. அந்தக் கம்பியைப் பிடித்த கை அடுத்த கட்டிலில் இருக்கும் யாரோ ஒருவருடைய அம்மாவைத்தானே தொடப்போகிறது? அந்தத் தாதிக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும் நீங்கள்.

பயிற்சியை விட வேண்டாம். லயத்துப் பிள்ளை ஒன்று டாக்டராக எத்தனை பேர் வயிற்றைக் கட்டினார்கள் என்று உங்களுக்கே தெரியும். அவர்களுக்கு அரைகுறை வைத்தியம் பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை.

அடுத்த லீவு நாளில் விடியற்காலை பஸ் ஏறினால் மதியச் சோற்றுக்கு வீட்டில் இருக்கலாம். பீலித் தண்ணீரில் கைகழுவிவிட்டு உள்ளே போய், அம்மாவை வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து தலை முதல் கால் வரை பாருங்கள். திரும்பும்போது மிச்ச மாத்திரைகளை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இனி யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி, பக்கத்து வீட்டு ஆட்களிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்.