சேணக் காளானைப் படுக்கையில் வளர்க்கலாமா?

கேள்வி: தோட்டத்து எல்லையிலுள்ள பைன் மரங்களின் அடியில், மழைக்குப் பிறகு குதிரைச் சேணம் போல வளைந்த தொப்பியுடன் சாம்பல் நிறக் காளான்கள் முளைத்திருக்கின்றன. சிப்பிக் காளான் வளர்த்துப் பழக்கம் உண்டு. இதையும் வளர்க்க முடியுமா? சாப்பிடலாமா? மரங்களுக்கு ஏதும் கேடு வருமா?

பதில்: நீங்கள் சொல்வது ஹெல்வெல்லா பேரினத்துக் காளானாக இருக்க வேண்டும். ஒன்றைப் பறித்துத் தொப்பியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சிப்பிக் காளானில் இருப்பது போன்ற மடல்வரிசை இதில் இருக்காது. வித்துகள் தொப்பியின் மேற்பரப்பிலேயே உருவாகின்றன. காம்பில் நீளவாக்கில் ஆழமான பள்ளங்கள் ஓடும். குறுக்கே அரிந்தால் உள்ளே அறை அறையாகத் தெரியும். இந்தக் காம்புதான் முக்கிய அடையாளம். தொப்பியின் வடிவம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாகக் கோணியிருக்கும்.

வளர்ப்பு எண்ணத்தை விட்டுவிடுங்கள். சிப்பிக் காளான் மட்கும் வைக்கோலைத் தின்று வாழ்வது. அதனால்தான் பைக்குள் அடங்குகிறது. ஹெல்வெல்லாவில் பல வகைகள் உயிருள்ள மர வேர்களோடு கூட்டுச் சேர்ந்து, மரம் தரும் சர்க்கரையில் வாழ்பவை. வைக்கோலில் அவற்றுக்கு வேலையில்லை. இதற்கு வித்து விற்பதாக யாராவது வந்தால் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

சாப்பிடவும் வேண்டாம். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ தின்றால் வயிற்றைக் கலக்கிவிடும். நன்கு வேகவைத்து உண்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் என் கவலை வேறு. இதே சேண வடிவில் பழுப்பு நிறத்தில் ஜைரோமிட்ரா என்ற உறவுக் காளானும் முளைக்கிறது. அந்தப் பேரினத்தின் பெயர்போன நஞ்சான ஜைரோமிட்ரின், உடலுக்குள் மோனோமெத்தில்ஹைட்ரசீனாக மாறும். ராக்கெட் எரிபொருளாகப் பயன்படும் அதே பொருள்தான்! வேகவைக்கும்போது எழும் ஆவியை முகர்ந்தாலே தீங்கு. தின்றவருக்குப் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்தே வாந்தி தொடங்கும். பிறகு கல்லீரல் பாதிக்கப்படலாம். வீட்டில் யாராவது தெரியாமல் தின்றிருந்தால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல், மிச்சமிருக்கும் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

மரங்களைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தக் கூட்டில் மரத்துக்கும் ஆதாயம் உண்டு; பூசண இழைகள் மண்ணிலிருந்து நீரையும் சத்தையும் வேருக்குக் கொண்டு சேர்க்கின்றன. எனவே அங்கே பூசணக்கொல்லி ஊற்றாதீர்கள். சிறு பிள்ளைகள் விளையாடும் இடமென்றால் மட்டும் தொப்பிகளைக் கிள்ளி அப்புறப்படுத்துங்கள். மண்ணைக் கொத்த வேண்டியதில்லை.