நிரல் விற்கும் சந்தை: வில்லங்கம் பார்த்துத் தொடங்குங்கள்

கேள்வி: நாங்கள் மூன்று நண்பர்கள், கோவையில் மென்பொருள் வேலை பார்க்கிறோம். டெவலப்பர்கள் எழுதிய பிளகின், ஸ்கிரிப்ட் போன்ற சிறு நிரல்களை இடைத்தரகர் இல்லாமல் விற்க பிளாக்செயினில் ஒரு சந்தை கட்டும் எண்ணம். நிரலைச் செயினிலேயே ஏற்றிவிடலாமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நிரலைச் செயினில் ஏற்றாதீர்கள். பிளாக்செயின் என்பது பல கணினிகளில் நகலாக இருக்கும், எளிதில் திருத்த முடியாத பதிவேடு. எத்தீரியம் போன்ற பொதுச் செயினில் ஏறியதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். விற்க வைத்த சரக்கை வாசலில் கொட்டிய கதையாகிவிடும். செலவும் கட்டாது. அங்கே 32 பைட்டைப் புதிதாகச் சேமிக்கச் சுமார் 20,000 கேஸ் ஆகும்; செயினில் செய்யும் வேலைக்கான கட்டண அலகுதான் கேஸ். 1 எம்பிக்கு 65 கோடி கேஸ். ஒரு பிளாக்கின், அதாவது செயினில் ஒரே தடவையில் சேரும் பதிவுத் தொகுதியின், உச்சவரம்பே பல ஆண்டுகள் 3 கோடியாகத்தான் இருந்தது.

பல கணினிகளில் கோப்புகளைப் பகிர்ந்து வைக்கும் ஐபிஎஃப்எஸ்ஸில் போடலாமே என்பார்கள். அதுவும் பொதுவெளிதான். என்கிரிப்ட் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி) போட்டு, பணம் வந்ததும் கான்ட்ராக்ட், அதாவது செயினில் தானே இயங்கும் நிரல், வழியாகச் சாவியைக் கொடுக்கலாம் என்று பலர் வடிவமைக்கிறார்கள். கான்ட்ராக்டுக்குள் வந்த சாவியும் எல்லார் கண்ணிலும் படும். முதல் ஆள் காசு கொடுப்பார், அடுத்தவர்கள் சும்மா திறந்துகொள்வார்கள். ஒவ்வொரு முறையும் அந்தச் சாவியை, வாங்குபவர் மட்டுமே திறக்கும்படி, அவருடைய பொதுச்சாவியால் பூட்டி அனுப்பலாம். ஆனால் ஆரம்பத்துக்கு உங்கள் சர்வரிலிருந்தே டவுன்லோட் கொடுப்பது போதும்.

அப்படியானால் செயினில் எதைத்தான் வைப்பது? பத்திரப் பதிவை நினைத்துக்கொள்ளுங்கள். நிலம் அதன் இடத்தில் இருக்கிறது; யார், யாருக்கு, என்றைக்கு, என்ன நிபந்தனையில் விற்றார் என்பது மட்டும் பதிவாகிறது. விற்ற கோப்பின் ஹாஷ் (கோப்பிலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற குறியீடு), லைசென்ஸ் வாசகத்தின் ஹாஷ், இருவரின் வாலட் முகவரி (செயினில் அவரவர் கணக்கு எண்), இவ்வளவு போதும். நேரம் பிளாக்கிலேயே இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: அதே ஃபோல்டரை வேறொரு கணினியில் மறுபடி ஜிப் செய்தால் ஹாஷ் மாறிவிடலாம், கோப்புகளின் தேதி நேரமும் ஜிப்புக்குள் போவதால். ஆகவே வாங்குபவர் இறக்கும் அதே ஜிப் கோப்புக்கு ஹாஷ் எடுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு ஒரு தகராறு வரும்போது உங்கள் பதிவே உங்களுக்கு உதவாது.

பத்திரம் பதிவாகிவிட்டது என்பதற்காக வில்லங்கம் பார்க்காமல் யாரும் நிலம் வாங்குவதில்லை. உங்கள் முழுக் கவனமும் இருக்க வேண்டிய இடம் இதுதான். திருட்டு நிரலின் ஹாஷையும் செயின் அழகாகப் பதிந்துகொள்ளும். நம் பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஊழியர் வேலையின் பகுதியாக எழுதிய நிரல் நிறுவனத்துக்கே சொந்தம். ஆபீஸ் நிரலை ராத்திரி வந்து உங்கள் சந்தையில் ஏற்றுபவர் வருவார், கட்டாயம் வருவார். மூலநிரலையும் அதே உரிமத்தில் கொடுக்கச் சொல்லும் ஜிபிஎல் உரிம நிரலைக் கலந்துவிட்டு மூடிய லைசென்ஸில் விற்பவரும் வருவார். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் ‘கமிட்’ என்று பதிந்துவைக்கும் கிட் வரலாற்றையும் துழாவுங்கள். கடைசி கமிட்டில் அழித்த பேமென்ட் கேட்வே (இணையப் பணவசூல் சேவை) சாவி நாலு கமிட் முன்னால் அப்படியே கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

முழு உரிமையையும் விற்பதானால் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். செயினில் உரிமைக்கு அடையாளமான டோக்கன் கைமாறியதே போதும் என்று இருந்துவிடாதீர்கள்.

பணத்துக்கு வருவோம். உள்ளூர் வாடிக்கையாளரிடம் யுபிஐயில் ரூபாயாகவே வாங்குங்கள். கிரிப்டோ என்றால் லாபத்துக்கு 30% வரி. 2022 ஜூலை முதல், வரம்பைத் தாண்டினால் 1% டிடிஎஸ்ஸும் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) உண்டு. பிறருடைய கிரிப்டோவை வைத்துக் கையாளும் தொழில்கள் 2023 மார்ச்சில் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. எஸ்க்ரோ கான்ட்ராக்ட், அதாவது சரக்கு சரி என்று தெரியும்வரை பணத்தைப் பிடித்துவைக்கும் கான்ட்ராக்ட், எழுதும் முன் ஆடிட்டரையும் வக்கீலையும் பாருங்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக எஸ்க்ரோ வேண்டுமென்றால், 2016இல் ‘தி டாவோ’ என்ற எத்தீரியம் கூட்டு முதலீட்டு நிதியின் கான்ட்ராக்டில் நடந்ததை முதலில் படியுங்கள். கணக்கில் கழிக்கும் முன்பே பணத்தை அனுப்பும் வரிசைப் பிழை. 36 லட்சம் ஈத்தர் (எத்தீரியத்தின் நாணயம்) போயிற்று. முதலில் கழியுங்கள், அப்புறம் அனுப்புங்கள். ஓப்பன்செப்பலின் போன்ற சோதிக்கப்பட்ட நிரல் நூலகங்களையே பயன்படுத்துங்கள். ‘நிரல் ஓடவில்லை’ என்ற புகாரைக் கான்ட்ராக்டால் தானே தீர்மானிக்க முடியாது. ஏழு நாள் அவகாசம் கொடுத்து, ஓட்டிப் பார்த்துச் சொல்ல ஒரு மனிதரை வையுங்கள்.

தொடக்கம் சின்னதாகவே இருக்கட்டும். ஒரே வகைச் சரக்கு, வேர்ட்பிரஸ் பிளகின் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு முகம் தெரிந்த பத்து டெவலப்பர்கள் போதும். முதலில் ஒவ்வொரு நிரலையும் நீங்கள் மூவரும் உட்கார்ந்து, வேறெதுவும் நிறுவாத கணினியில் நிறுவி ஓட்டிப் பார்த்த பிறகே பட்டியலில் ஏற்றுங்கள்.