விலா தெரியும் குதிரைக்குப் பிடரி மட்டும் தடிப்பது ஏன்?

கேள்வி: பொள்ளாச்சிக்கு அருகே எங்கள் தோட்டத்தில் 9 வயதுள்ள கத்தியவாரிப் பெண் குதிரையை வளர்க்கிறோம். காலையும் மாலையும் வேகவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, சிறிது வெல்லம் கொடுத்து, கம்பு நேப்பியர் புல்லும் போடுகிறோம். விலா எலும்புகள் லேசாகத் தெரிகின்றன. ஆனால் பிடரி தடித்துக் கெட்டியாகிவிட்டது, வாலடியிலும் தோளுக்குப் பின்னும் கொழுப்பு திரண்டிருக்கிறது. சில நாட்களாகக் கல் பாதையில் தயங்கி நடக்கிறது. புல்லைக் குறைத்து, தினமும் ஓட்டினால் கொழுப்பு கரையுமா?

பதில்: இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கவலை தருவது கல் பாதையில் அது தயங்குவதுதான். பிடரி, வாலடி, தோளின் பின்புறம், கண்ணுக்கு மேலுள்ள குழி ஆகிய இடங்களில் கொழுப்பு திரள்வது, பெரும்பாலும் இரத்தத்தில் இன்சுலின் கட்டுப்பாடின்றி உயர்ந்திருப்பதன் வெளி அடையாளம். அந்த இன்சுலினே, குளம்புச் சுவரையும் உள்ளிருக்கும் எலும்பையும் பிணைத்து நிறுத்தும் திசுவை நலிவுறச் செய்து, லாமினைட்டிஸ் என்னும் குளம்பு நோயை உண்டாக்குகிறது. முன்னங்குளம்புகள் தொடர்ந்து சூடாக உள்ளனவா, கணுவின் இருபுறமும் நாடி ஓங்கித் துடிக்கிறதா, திரும்பும்போது வலியால் தடுமாறுகிறதா என்று இன்றே பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் மணலோ மரத்தூளோ தடிமனாகப் பரப்பிய தரையில் நிறுத்திவைத்து, கால்நடை மருத்துவரை உடனே வரவழையுங்கள். வேறு எந்த நோய்க்காக ஊசி போட வந்தாலும், ஸ்டீராய்டு மருந்துகள் இந்நோயைத் தூண்டக்கூடும் என்பதால், பிடரியின் நிலையை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விலா தெரிவதால் குதிரைக்குத் தீனி போதவில்லை என்று எண்ணி, கொள்ளுத் தீனியைக் கூட்டுவதுதான் நம் பக்கத்து லாயங்களில் பெரும்பாலும் நடக்கிறது. இன்சுலின் கோளாறு பருத்த குதிரைக்கு மட்டும் வருவதன்று. மெலிந்த குதிரைக்கும் வரும். உங்கள் குதிரைக்குக் குறைக்க வேண்டியது மாவுச்சத்தும் சர்க்கரையும்தான். எனவே வெல்லம், கொள்ளு, தவிடு மூன்றையும் நிறுத்திவிடுங்கள். கேரட், வாழைப்பழம் போன்ற செல்லத் தீனிகளும் வேண்டாம். தீனியைக் கண்டபடி குறைத்துப் பட்டினி போட்டால், உடல் கொழுப்பு பெருமளவில் இரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுக்கும்; மட்டக் குதிரைகளிலும் கழுதைகளிலும் இது உயிரையே வாங்கிவிடும்.

எவ்வளவு புல் என்பதை எடையிலிருந்து கணக்கிடுங்கள். மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள்முனை முதல் பிட்டமுனை வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 11,877-ஆல் வகுத்தால் தோராய எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவும் நீளமும் 160 என்றால் எடை ஏறக்குறைய 345 கிலோ. விலா தெரியும் குதிரைக்கு நாளொன்றுக்கு உடல் எடையில் 2 சதவீதம் உலர்பொருள் (தீனியில் ஈரம் முழுவதும் நீங்கிய எடை) வேண்டும். அதாவது ஏறத்தாழ 7 கிலோ, உலர்ந்த புல்லாக எடை போட்டால் 7½ கிலோவுக்குச் சற்று மேல். உடல் முழுவதும் பருத்த குதிரையாக இருந்தால் 1.5 சதவீதத்திற்கு இறக்கச் சொல்லியிருப்பேன்.

எந்தப் புல் என்பதும் முக்கியம். நேப்பியரில் ஆக்சலேட் என்னும் வேதிப்பொருள் மிகுதி. அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும், பாஸ்பரஸ் மிகுந்த தவிடும் சேர்ந்தால் எலும்புகள் பலமிழந்து முகம் வீங்கும். மாட்டுக்கு ஏற்றது என்பதற்காகக் குதிரைக்கு அதையே முழுத் தீனியாக்குவதை நான் ஏற்பதில்லை. நன்கு உலர்த்திய அருகம்புல்லையோ ரோட்ஸ் புல்லையோ அடிப்படைத் தீனியாக வைத்து, புரதத்துக்கும் கால்சியத்துக்கும் உலர்ந்த குதிரைமசால் என்னும் தீவனப்பயிரை ஒரு கிலோ அளவில் சேர்த்து, 7 முதல் 10 நாட்களில் படிப்படியாக மாற்றுங்கள். புல்லைக் குளிர்ந்த நீரில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைத்து நீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரை ஓரளவு வெளியேறும். நம் வெயிலில் அதற்கு மேல் விட்டால் புளித்துவிடும். உப்பும் குதிரைக்கென்றே தயாரித்த தாதுக் கலவையும் தேவை. மாட்டுத் தீவனமோ கோழித் தீவனமோ கொடுக்கவே வேண்டாம். அவற்றில் சேர்க்கப்படக்கூடிய மோனென்சின் என்னும் மருந்து குதிரையின் இதயத்துக்கு நஞ்சு.

குளம்பு வலியும் பதற்றமும் இன்சுலினைத் தாமே உயர்த்தும் என்பதால், இரத்தப் பரிசோதனையை வலி தணிந்த பிறகு செய்வது நல்லது; சர்க்கரைக் கரைசல் கொடுத்து அதன்பின் இன்சுலினை அளக்கும் சோதனை, வெறும் வயிற்றுச் சோதனையைவிடத் தெளிவாகக் காட்டும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் கோளாறும் இதேபோல் கொழுப்பைத் திரட்டும். அது பொதுவாக 15 வயதுக்கு மேல் வருவது என்றாலும், உரோமம் நீண்டு உதிராமல் நின்றால் அதற்கும் சோதியுங்கள்.

உச்சந்தலைக்கும் தோள்மேட்டுக்கும் நடுவில் கழுத்தின் சுற்றளவை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாடாவால் அளந்து குறித்துவையுங்கள். சுற்றளவு குறையுமுன்பே கெட்டியாக இருந்த பிடரி கைக்கு இளகலாம்; ஆயினும் முழுமையாகக் கரைய மாதங்கள் ஆகும், சில குதிரைகளில் சிறிது எஞ்சியே நிற்கும். வலி மருந்து இல்லாமலே இயல்பாக நடக்கிறது என்று மருத்துவர் உறுதி செய்த பின்னர், மென்மையான தரையில் கையில் பிடித்து 10 நிமிட நடையிலிருந்து தொடங்குங்கள்.